மூளையும் கருவியும்

மனிதன் தன் எண்ணத்தை வெளியிட உடலின் துணை வேண்டும். பேசுவதற்கு நாவும் இதழும் அசைய வேண்டும். எழுதுவதற்கு விரல்கள் வளைய வேண்டும். வாய் பேசாதவரும் கண் சாடையாலும் கை அசைவாலும் தம் கருத்தை உணர்த்துகிறார். இவை யாவும் ஓய்ந்து, அறிவு மட்டும் விழித்திருந்தால் அம்மனிதரின் நிலை என்ன? நோயினாலோ விபத்தினாலோ அந்நிலைக்கு ஆளானவர்கள் உலகில் பலர் உளர். அவர்களுடைய மூளையிலிருந்து நேரே செய்தியைப் பெற்று, அதைச் சொல்லாகவும் செயலாகவும் மாற்றித் தரும் கருவிகளை விஞ்ஞானிகள் ஆக்கி வருகிறார்கள். மூளை-கணிப்பொறி இணைப்பு என்பது அதன் பெயர். அது வளர்ந்த வரலாற்றையே மாணவ நண்பர்களாகிய உங்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

அவ்வரலாறு ஒரு தவளையின் காலில் தொடங்குகிறது. இத்தாலி நாட்டுப் போலோன்யா நகரின் பேராசிரியர் லூயிகி கால்வானி, உயிரற்ற தவளையின் கால் மின்சாரம் பட்டதும் துள்ளுவதைக் கண்டு, தம் ஆராய்ச்சியை 1791ஆம் ஆண்டில் வெளியிட்டார். நரம்புக்கும் மின்சாரத்துக்கும் உறவு உண்டு என்பது அன்று தெரிந்தது. 1870இல் பெர்லின் நகரில் பிரிட்ஷ், ஹிட்சிக் என்னும் இருவர், நாயின் மூளைப் பரப்பில் குறிப்பிட்ட இடங்களில் சிறிதளவு மின்சாரம் பாய்ச்சினர். உடனே உடலின் எதிர்ப்பக்கத்துத் தசைகள் அசைந்தன. உடலை அசைவிக்கும் பகுதி மூளையில் தனியே உண்டு என்பது இதனால் புலப்பட்டது. ஐந்தாண்டுகளுக்குப்பின், 1875இல், இங்கிலாந்தில் லிவர்பூல் மருத்துவர் ரிச்சர்டு கேட்டன், முயல், குரங்கு ஆகியவற்றின் மூளையிலிருந்து மெல்லிய மின்னோட்டம் தானாகவே எழுவதைக் கண்டறிந்து அறிவித்தார். அன்று அதைப் பொருட்படுத்தியவர் மிகச் சிலரே.

மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலில் பதிவு செய்தவர் ஜெர்மனியின் யேனா நகரத்து மனநோய் மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். அவரை அம்முயற்சிக்குத் தூண்டிய நிகழ்ச்சி விந்தையானது. 1890களில் படைப்பணியில் இருந்தபோது அவர் குதிரையிலிருந்து விழுந்து, பீரங்கி வண்டியின் சக்கரத்தில் சிக்காமல் மயிரிழையில் தப்பினார். அன்று மாலையே அவருடைய நலம் விசாரித்துத் தந்தையிடமிருந்து தந்தி வந்தது. தம்பிக்கு ஏதோ ஆபத்து நேர்ந்தது என்று தொலைவில் இருந்த தமக்கை உணர்ந்தாராம்! ஒருவர் எண்ணம் மற்றொருவருக்கு எவ்வாறு எட்டியது என்ற வினா பெர்கரை விடவில்லை. பல்லாண்டுகள் தனித்து உழைத்து, 1924இல் மனித மூளையின் அலைகளைப் பதிவு செய்தார். ஐந்தாண்டுகள் மீண்டும் மீண்டும் சோதித்த பின்னரே, 1929இல் அதை வெளியிட்டார். அறிஞர் உலகம் ஐயுற்றது. 1934இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன், மாத்யூஸ் ஆகிய இருவரும் அதே அலைகளைக் கண்டு உறுதி கூறியபோதே ஐயம் நீங்கியது. கண்ணை மூடி அமைதியாக இருப்பவரிடம் நொடிக்குப் பத்து முறை அளவில் எழும் அவ்வலை, கண்ணைத் திறந்ததும் அடங்கியது. பெர்கர் தேடிய தொலைவுணர்வு கிட்டவில்லை. ஆயினும் மருத்துவத்திற்கு ஓர் அரிய கருவி கிட்டியது.

அலைகளைக் கண்டாயிற்று. அவற்றிலிருந்து ஒருவர் எண்ணத்தைப் படித்துவிட முடியுமா? அது எளிதன்று. மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. தலையின்மேல் வைத்த கருவிக்கு எட்டுவது அவை கூடி எழுப்பும் ஆரவாரமே. அதன் அளவு ஒரு வோல்ட்டில் இலட்சத்தில் சில பங்குதான். மதிலுக்கு வெளியே நிற்பவனுக்கு உள்ளே திரண்ட கூட்டத்தின் இரைச்சல் கேட்கும். தனி ஒருவரின் பேச்சுக் கேட்குமோ? அதைக் கேட்க வேண்டுமாயின் மதிலுக்குள் செல்ல வேண்டும். ஆதலின் சில ஆராய்ச்சியாளர், மின்வாய் எனப்படும் மெல்லிய உலோக முனைகளை மூளைக்குள்ளேயே பதித்தனர்.

இவ்வரலாற்றின் திருப்புமுனை என நான் கருதுவது 1969இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் நடந்த ஆராய்ச்சி. எபர்ஹார்டு பெட்ஸ் என்பவர் ஒரு குரங்கின் மூளையில், ஒரே ஒரு நரம்பணுவின் மின்துடிப்பை அளக்குமாறு கருவி அமைத்தார். துடிப்பு மிகுந்தால் குரங்கின் எதிரே ஒரு முள் நகரும், உணவும் கிடைக்கும். சிறிது பயிற்சியில் குரங்கு அந்த நரம்பணுவைத் தன் விருப்பப்படி துடிக்கச் செய்யக் கற்றுக்கொண்டது! கருவி மூளையைப் படித்தது ஒரு பங்கு. கருவியை இயக்க மூளை கற்றது மறு பங்கு. மிதிவண்டி ஓட்டப் பழகுவது போன்ற பழக்கமே இது. முயல்பவரின் விருப்பம் இன்றி இக்கலை கைகூடாது.

1973இல் லாஸ் ஏஞ்சலீஸ் நகரில் பேராசிரியராக இருந்த ழாக் விடால், மூளை-கணிப்பொறி இணைப்பு என்ற தொடரை ஆங்கிலத்தில் வழங்கி, அத்துறைக்கு வழி வகுத்தார். 1980களில் ஜார்ஜோபவுலோஸ் என்ற ஆராய்ச்சியாளர் மற்றோர் உண்மையைக் கண்டார். குரங்கு கையை நீட்டும்போது, ஒவ்வொரு நரம்பணுவும் தனக்கு உரிய ஒரு திசையில் மிகுதியாகத் துடிக்கிறது. பல அணுக்களின் துடிப்பைக் கூட்டிக் கணக்கிட்டால் கை எத்திசையில் செல்லும் என்று கூறிவிடலாம். தேர்தலில் பலர் வாக்கு ஒரு முடிவாவது போன்றது அது. இன்றைய கருவிகளும் இந்நெறியை ஒட்டியே, மின்வாயால் துடிப்பைப் பெற்று, பெருக்கி, கணிப்பொறியால் அதன் பொருளைக் கணிக்கின்றன.

இனி மனிதர்க்கு விளைந்த பயனைக் காண்போம். 1999இல் ஜெர்மனியின் டியூபிங்கன் நகரத்து நீல்ஸ் பிர்பாமரும் குழுவினரும், இயக்க நரம்புகள் படிப்படியாக அழியும் நோயால் செயலிழந்தவர்கள் தலைமேல் வைத்த மின்வாய்களால் ஒவ்வோர் எழுத்தாகத் தேர்ந்து எழுதியதை வெளியிட்டனர். அது மிக மெதுவான எழுத்து. ஆயினும் அவர்கள் தாமே எழுதிய எழுத்து. 2004இல் அமெரிக்காவில், கழுத்துக்குக் கீழ் செயலிழந்த இளைஞர் ஒருவரின் மூளையில், நான்கு மில்லிமீட்டர் சதுரத்தில் 96 மின்வாய்கள் கொண்ட சில்லைப் பொருத்தினர். அவர் மின்னஞ்சலைத் திறந்தார். செயற்கைக் கையை விரித்து மூடினார். 2012இல், பக்கவாதத்தால் ஏறத்தாழ 15 ஆண்டுகள் செயலற்றிருந்த ஒரு பெண்மணி, இயந்திரக் கையை மூளையால் இயக்கிக் காப்பி எடுத்துப் பருகினார். 2021இல் ஸ்டான்போர்டு ஆராய்ச்சியாளர், கையால் எழுதுவதாக எண்ணி முயன்ற ஒருவரின் எழுத்துகளை நிமிடத்திற்கு 90 என்ற விரைவில் திரையில் தோற்றுவித்தனர்.

2023இல் கலிபோர்னியாவில் நடந்தது இன்னும் வியப்புக்குரியது. பக்கவாதத்தால் பேச்சிழந்து 18 ஆண்டுகளான ஒரு பெண்மணி, மூளையின் மேற்பரப்பில் வைத்த 253 மின்வாய்களின் வழியே நிமிடத்திற்கு 78 சொற்கள் என்ற அளவில் பேசினார். அவருடைய திருமணத்தில் எடுத்த காணொளியிலிருந்து குரலைப் பெற்று, அவரது பழைய குரலையே கணிப்பொறி ஒலித்தது.

இத்துணைப் பயன் தரும் கருவிக்குக் குறைகளும் உள. மண்டையோட்டைத் திறக்கும் அறுவை எளிதன்று. மின்வாயைச் சுற்றித் தழும்பு படிந்து, நாளடைவில் துடிப்பு மங்கக்கூடும். கணிப்பில் பிழைகளும் நேரும். ஆயினும் நாம் ஆழ்ந்து எண்ண வேண்டிய வினா வேறு. 2025இல் ஸ்டான்போர்டு ஆராய்ச்சியாளர், வாய் திறக்க முயலாமல் மனத்துக்குள்ளேயே சொல்லிக்கொள்ளும் சொற்களையும் ஓரளவு கண்டறியலாம் என்று காட்டினர். அப்படியானால், சொல்ல விரும்பாததையும் கருவி கேட்டுவிடுமோ? இதை அவர்களே உணர்ந்து, ஒரு கடவுச்சொல்லை மனத்தில் எண்ணினாலன்றிக் கருவி செவி சாய்க்காதபடி அமைத்தும் காட்டினர். சிலி நாடு 2021இலேயே தன் அரசியலமைப்பைத் திருத்தி, மூளையின் செயல்களுக்கும் அவற்றிலிருந்து பெறும் செய்திக்கும் காப்பு அளித்துவிட்டது.

பெட்ஸின் குரங்கு கற்பித்த பாடத்தை இங்கே நினைவூட்டுகிறேன். இதுகாறும் இக்கருவி பெற்ற வெற்றியெல்லாம், முயல விரும்பிய மனிதரோடு கூடிப் பெற்ற வெற்றியே. அந்த விருப்பத்தைக் காப்பதும் ஆராய்ச்சியின் ஒரு பகுதிதான். நாளைக்குப் பௌதிகமும் உயிரியலும் கணிதமும் கற்று இத்துறையில் புகப்போகின்ற மாணவர்களும், சட்டம் கற்று மன்றங்களில் அமரப்போகின்ற மாணவர்களும் உங்களிடையே இருக்கக்கூடும். பேச இயலாதவருக்குப் பேச்சைத் தருவது முன்னவர் கடமை. பேச விரும்பாதவரின் மௌனத்தைக் காப்பது இருவருக்கும் பொதுக் கடமை.