தகப்பனைத் தப்பவிட்ட ஆய்வுகள்

மதுசாரமும் பிறக்கும் குழந்தையும் பற்றிய செய்தி வந்தால் கர்ப்பிணித் தாயின் படமொன்றை அருகில் இடுவது பத்திரிகைச் செய்தி மேசைகளின் வழக்கம். தகப்பனின் படத்தை எவரும் தேடியதாக எனக்கு நினைவில்லை. ஆனால் ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் விஞ்ஞானம் தகப்பனையும் கூண்டில் ஏற்றியிருந்தது.

1910 இல் இலண்டனின் கோல்டன் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த எதெல் எல்டர்டனும் புள்ளிவிபரவியல் முன்னோடி கார்ல் பியர்சனும் எடின்பரோ, மான்செஸ்டர் நகரப் பாடசாலைப் பிள்ளைகளின் தரவுகளை ஆராய்ந்தனர். குடிக்கும் பெற்றோரின் பிள்ளைகள் உடலிலோ அறிவிலோ குறிப்பிடத்தக்க அளவு பின்தங்கவில்லை என்பது அவர்களது முடிவு. மதுவொழிப்பு இயக்கத்தினர் கொதித்தெழுந்தனர். இளம் பொருளியலாளரான ஜோன் மேனார்ட் கெய்ன்ஸின் மறுப்பே அவற்றுள் கூர்மையானது. எடின்பரோத் தரவு வறியதொரு பகுதிக்குரியது. அங்கு குடிப்பவனையும், வேறேதோ குறையினால் அங்கு வந்து சேர்ந்த குடிக்காதவனையும் ஒப்பிட்டுக் குடியின் தீங்கை அளக்க முடியுமா என்று அவர் கேட்டார். இன்றும் புள்ளிவிபரங்களை வாசிக்கும்போது எனக்கு இக்கேள்வி எழுவதுண்டு.

அதே காலத்தில் நியூயோர்க்கில், கோர்னெல் மருத்துவக் கல்லூரியின் சார்ள்ஸ் ஸ்டொக்கார்ட் ஆண் கினிப்பன்றிகளை மதுசார ஆவியை நுகரச் செய்து, மதுசாரமே படாத பெண் விலங்குகளோடு இணையவிட்டார். கருச்சிதைவும் இறந்து பிறத்தலும் பெருகின. தாயின் மீது பழிபோட இங்கே வழியில்லை. ஆயினும் ரேமண்ட் பேர்ல் கோழிகளில் கண்டது நேர்மாறு: குஞ்சுகள் குறைவு, பிழைத்தவையோ திடகாத்திரமானவை. நலிந்த கருவணுக்கள் முன்னரே அழிந்துவிட்டன என்று அவர் விளக்கம் கூறினார்.

ஐக்கிய அமெரிக்காவில் 1920 இல் வந்த மதுவிலக்கு 1933 இல் நீங்கியது. அதனோடு இவ்வாய்வுகளும் பிரசாரகர்களின் சரக்கு என்ற அவப்பெயருடன் ஒதுக்கப்பட்டன என்பதே என் எண்ணம். ஆய்வு மீண்டும் உயிர்பெற்றபோது பார்வை தாயின் பக்கம் திரும்பியிருந்தது. 1968 இல் பிரான்ஸின் நான்ட் நகரில் லெமுவானும், 1973 இல் சியாட்டிலில் ஜோன்ஸ், ஸ்மித் ஆகியோரும், குடிக்கும் தாய்மாரின் சிசுக்களில் காணப்பட்ட முகமாற்றங்களையும் வளர்ச்சிக் குறைவையும் விபரித்தனர். அத்தீங்கு மெய்யானதே. ஆனால் 1989 முதல் அமெரிக்க மதுப் போத்தல்களில் இடம்பெற்ற எச்சரிக்கை, பிறவிக் குறைபாடு பற்றிப் பெண்களிடம் மட்டுமே பேசியது.

2023 இல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் கோல்டிங் குழுவினர், மதுசாரம் அருந்திய ஆண் சுண்டெலிகளின் குட்டிகளிலும் முக, மண்டையோட்டு வளர்ச்சி மாறுபடுவதாக வெளியிட்டனர். மதுசாரம் பரம்பரையலகின் எழுத்துக்களை மாற்றாமலே, அவை இயங்கும் முறையை மாற்றும் குறிகளை விந்தில் விட்டுச்செல்கிறது என்று கருதப்படுகிறது. மனிதரில் இது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பது இன்னும் நிறுவப்படவில்லை. குடிகாரத் தகப்பனின் வீட்டில் வறுமையையும் அடிதடியையும் விந்தின் பங்கிலிருந்து பிரித்தெடுப்பது கெய்ன்ஸின் காலத்தைப் போலவே கடினம். மனித விந்து உருவாக ஏறத்தாழ இரண்டரை மாதங்கள் ஆகின்றன. எனவே கருத்தரிக்க முந்திய அம்மாதங்களில் தகப்பன் குடித்த அளவையும் வைத்தியர் கேட்டுப் பதிய வேண்டும் என்பது இவ்வாய்வாளர்களின் வாதத்திலிருந்து பிறக்கும் கோரிக்கை.