ஒப்பந்தம் பிரித்த குடும்பங்கள்: பழைய வடாற்காடும் மலையகத் தமிழ்ச் சிறாரும்

சித்தூர் மாவட்டம் 1911இல் உருவாகும்வரை, சித்தூர் நகரமே வடாற்காட்டு மாவட்டத்தின் தலைநகராக விளங்கியது. இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் திரட்டப்பெற்ற மாவட்டங்களுள் வடாற்காடும் ஒன்று. பின்னர் மொழிவழி மாநில அமைப்பினாலும், 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தமையாலும் அப்பழைய நிலப்பரப்பு இரு மாநிலங்களுக்கு உரியதாயிற்று. ஆதலின் மலையகத் தமிழர் 'தாயகம் திரும்பியது' தமிழ்நாட்டு வரலாறு மட்டுமன்று. திரும்பியோர் நலனுக்கென 1969இல் தோன்றிய ரெப்கோ வங்கியில் ஆந்திர அரசும் பங்குதாரராக உள்ளமை இங்கு நினைக்கத்தக்கது.

1964 அக்டோபரில் கையொப்பமான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றோர் எனக் கணக்கிடப்பட்ட 9,75,000 பேருள் 5,25,000 பேரை இந்தியாவிற்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டு உடன்பாடு சரிபாதியாக்கியது. இவ்வாவணத்தில் குழந்தைகளுக்குக் கிடைத்த பெயர் 'இயற்கைப் பெருக்கம்' என்பதே. பெற்றோர் எந்நாட்டுக் கணக்கில் சேர்ந்தனரோ அக்கணக்கிலேயே அவர்களும் சேர்க்கப்பெற்றனர். இந்தியாவிற்கு எழுவர் என்றால் நால்வர்க்கு இலங்கைக் குடியுரிமை என 1967ஆம் ஆண்டுச் சட்டம் விகிதமும் வகுத்தது. தலைகளை எண்ணிய அவ்விகிதத்தில் குடும்பம் என்னும் அலகிற்கு இடமில்லை. பெற்றோர் ஒரு நாட்டிற்கும் மணமான மக்கள் மறு நாட்டிற்கும் உரியோராயினர். பாட்டன் மடியில் வளர்ந்த சிறார் அவரைப் பிரிந்து கப்பலேறினர்.

இதுபற்றிய பொதுக்கருத்தை அரசியலாளர் அறிக்கைகளில் மட்டும் தேடுவது போதாது. தம் மக்களைக் கலந்து பேசாமலே இரு அரசுகளும் முடிவு செய்தன என்று சௌ. தொண்டமான் கண்டித்தார். அதனினும் வலிய சான்று விண்ணப்பங்களே. இந்தியக் குடியுரிமை கோரியோர் தொகை 5,25,000ஐ எட்டவில்லை. இலங்கைக் குடியுரிமை கோரியோரோ ஒதுக்கீட்டை விஞ்சினர். வாக்குரிமையற்ற மக்கள் அளித்த தீர்ப்பு என்றே இதனைக் கொள்ளலாம்.

1984இல் தலைமன்னார்-இராமேசுவரம் கப்பல் நின்றதும், இந்தியக் கடவுச்சீட்டு பெற்றும் பயணப்படாதோர் தோட்டங்களிலேயே தங்கினர். முன்னரே சென்ற உறவினரோடு சேரும் வழி அவர்களுக்கு அடைபட்டது. மறுபுறம், 1983 வன்முறைக்குப் பின் வந்த ஏதிலியருள்ளும் மலையகத் தமிழர் இருந்தனர். 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்கள் இலங்கையில் எஞ்சியோர்க்குக் குடியுரிமை நல்கின. 2009ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வுரிமையை இந்திய முகாம்களில் வாழ்ந்த மலையகத் தமிழர்க்கும் விரித்தது. ஒப்பந்தத்தின்படி கப்பலேறி இந்தியக் குடிமக்களாகிவிட்டோர்க்கு இச்சட்டங்களில் இடமில்லை.