மண்டபம் முதல் கோழிவிளை வரை

எங்கள் அம்பூரிப் பக்கம் எல்லைக்கோட்டை யாரும் பெரிதாக மதிப்பதில்லை. வெள்ளறடை தாண்டி பனச்சமூட்டுக்கு வந்தால் கேரளம் எங்கே முடிகிறது, தமிழ்நாடு எங்கே தொடங்குகிறது என்று உள்ளூர்க்காரர்தான் சொல்ல வேண்டும். கல்யாணம், ரப்பர் ஷீட், மீன், மருத்துவம் எல்லாம் இரண்டு பக்கமும்தான். அந்தக் கோடு பிறந்தது 1956 நவம்பர் 1-ல். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்துக்குப் போயின. மார்ஷல் நேசமணியும் அவர் கட்சியும் கேட்ட பட்டியலில் இருந்த நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது. அதற்காக 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச்சூடு வரை நடந்தது. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். அவ்வளவு சண்டைக்குப் பிறகும் கோட்டுக்கு எந்தப் பக்கம் விழுந்தவனுக்கும் குடியுரிமை போகவில்லை. ஆபீஸில் பேசுகிற மொழிதான் மாறியது.

அதற்கு எட்டு வருஷம் முன்பு, கடலுக்கு அந்தப் பக்கம் நடந்தது வேறு கதை. இலங்கை 1948-ல் கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம், மலையகத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்த தமிழர்களை ஒரே வீச்சில் நாடற்றவர்களாக்கியது. மறு வருஷமே ஓட்டும் போயிற்று. செல்வநாயகம் ஜி.ஜி. பொன்னம்பலத்தை விட்டு வெளியேறியதும், 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி பிறந்ததும் இதை ஒட்டித்தான். ஈழப் பிரச்சினை என்றால் 1983-லிருந்து பேசத் தொடங்குவது நம்மில் பலருக்குப் பழக்கம். 1948-லிருந்து பேசினால்தான் கணக்கு சரியாக வரும்.

அப்புறம் 1964 அக்டோபர் 30, சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேர் என்று கணக்குப் போட்டு, 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும் என்று முடிவு. மிச்சம் 1,50,000 பேரைப் பத்து வருஷம் கழித்து, 1974-ல், ஆளுக்குப் பாதி என்று பிரித்துக்கொண்டார்கள். மாட்டுச் சந்தையில்கூட மாட்டைப் பிடித்துப் பல்லைப் பார்ப்பார்கள்; இங்கே அந்த மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வந்தவர்களில் ஒரு பகுதியை நீலகிரிப் பக்கம் கொண்டுபோய் டேன்டீ தேயிலைத் தோட்டங்களில் வைத்தார்கள். கேரளத்துக்கும் ஒரு பங்கு வந்தது என்பது பலருக்குத் தெரியாது. எங்கள் மாவட்டத்துக்கு வடக்கே கொல்லம் மாவட்டத்தில், புனலூரைத் தலைமையிடமாக வைத்து 1976-ல் 'ரீஹேபிலிடேஷன் பிளான்டேஷன்ஸ்' என்ற அரசு நிறுவனம் தொடங்கினார்கள். மத்திய அரசும் கேரள அரசும் கூட்டு. குளத்தூப்புழையிலும் ஆயிரநல்லூரிலும் ரப்பர். தேயிலைக் கொழுந்து கிள்ளிய கைகள் ரப்பர் வெட்டக் கற்றுக்கொண்டன. குறை நிறைய சொல்லலாம், ஆனால் வேலை இருந்தது, தலைக்கு மேல் கூரை இருந்தது, எல்லாவற்றுக்கும் மேலே கையில் இந்தியக் குடியுரிமைக் காகிதம் இருந்தது. இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், குடியேற்றுவது எப்படி என்று நம் அரசுகளுக்குத் தெரியாமல் இல்லை. செய்து பார்த்திருக்கிறார்கள்.

1983 ஜூலைக்குப் பிறகு வந்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை. படகில் வந்தவர்களை மண்டபத்தில் இறக்கினார்கள். அந்த மண்டபம் முகாமுக்கே ஒரு சரித்திரம் உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளை அனுப்புவதற்கு முன் நோய் இருக்கிறதா என்று நிறுத்திவைத்துப் பார்த்த இடம் அது. கொள்ளுத்தாத்தா போன வாசல் வழியாகவே கொள்ளுப்பேரன் அகதியாகத் திரும்பி வந்திருக்கிறான். கதையாக எழுதியிருந்தால் நம்ப மாட்டோம்.

அங்கிருந்து மாநிலம் முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள். எங்கள் எல்லையை ஒட்டிக் களியக்காவிளைப் பக்கம் கோழிவிளையில் ஒன்று, மார்த்தாண்டம் பக்கம் ஞாறாம்விளையில் ஒன்று. பாறசாலையிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். அந்த முகாம்களில் பிறந்து வளர்ந்தவர்கள் இன்று தங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள்.

இவர்களுக்காக நீதிமன்றம் ஏறியவர்களைச் சொல்லாமல் விட்டால் பாவம். ராஜீவ் கொலைக்குப் பிறகு அகதிகளைக் கப்பல் ஏற்றத் தொடங்கியபோது, 1992-ல் பழ. நெடுமாறனும் மருத்துவர் ராமதாசும் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். விருப்பப்பட்டுத்தான் போகிறார்களா என்று பார்க்க ஐ.நா. அகதிகள் ஆணையத்துக்குச் சென்னையில் அலுவலகம் வைக்க இடம் கிடைத்ததும் அந்த வருஷம்தான். செல்வநாயகத்தின் மகன் சந்திரஹாசன் 1984-ல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், சத்தமில்லாமல் பிறப்புச் சான்றிதழ், படிப்பு என்று வேலை பார்த்தது. கோஷத்தைவிடப் பிறப்புச் சான்றிதழ் பெரிய விஷயம் என்பது என் கட்சி. அது இல்லாதவனுக்கு எந்த நாடும் இல்லை.

சட்டத்தைப் பார்ப்போம். இந்தியா 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை. அகதி என்றொரு வகையே நம் சட்டத்தில் இல்லாததால் இவர்கள் வெறும் அந்நியர்கள். பாஸ்போர்ட் இல்லாமல் வந்ததால் 2003 திருத்தத்தின்படி 'சட்டவிரோதக் குடியேறிகள்'. முகாமில் பிறந்தவருக்கும் கணக்கு சுலபமில்லை. 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதற்குப் பிறகு என்றால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். மண்டபத்தில் 1986-ல் பிறந்த ஒரு பெண் இந்த விதியைப் பிடித்துக்கொண்டு மதுரைக் கிளையில் வழக்குப் போட்டு, 2022-ல் பாஸ்போர்ட் உத்தரவு வாங்கினார். 2024 தேர்தலில் திருச்சி கொட்டப்பட்டு முகாமிலிருந்து போய் முதல்முறையாக ஓட்டும் போட்டார். முப்பத்தெட்டு வயதில்! அதே முகாமில் அவருக்குப் பிறகு பிறந்தவருக்கு அந்தக் கதவு கிடையாது.

2019-ல் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இந்திய வம்சாவளி அகதிகளின் விண்ணப்பங்களை வாங்கி 16 வாரத்தில் முடிவெடுக்கச் சொன்னார். அதே வருஷ டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மட்டும் இருந்தன. இலங்கை இல்லை. முஸ்லிம்களை விட்டது போலவே ஈழத்து இந்துவையும் கிறிஸ்தவரையும் விட்டார்கள். தமிழக அரசு 2021-ல் 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்து, 7,469 வீடுகள் கட்டித்தருவதாகச் சொல்லி, 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. நல்லதுதான். வீடு மாநில அரசு தரலாம், குடியுரிமை தர முடியாதே. 2025 செப்டம்பரில் மத்திய அரசு, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குப் புதிய குடியேற்றச் சட்டத்தின் தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்குக் கொடுத்தது. ஜெயில் இல்லை. அவ்வளவுதான், குடியுரிமையும் இல்லை.

நான் இப்போது இருப்பது கனடாவில். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்களை ஒரு மீன்பிடிப் படகுக்காரர் கரை சேர்த்தார். அகதி கேட்பவரை நேரில் வைத்து விசாரிக்காமல் அனுப்பக்கூடாது என்று இந்த நாட்டு உச்ச நீதிமன்றம் அதற்கு முந்தின வருஷம்தான் தீர்ப்புச் சொல்லியிருந்தது. இங்கேயும் எல்லாம் சொர்க்கம் இல்லை, 2010-ல் சன் சீ கப்பலில் வந்த 492 பேரைக் கொண்டுபோய் அடைத்தார்கள். ஆனால் ஆளுக்கு ஆள் விசாரணை என்று ஒன்று இருந்தது. வேலைக்கு வந்த எனக்கு ஐந்து வருஷத்தில் 1,095 நாள் இங்கே இருந்தால் குடியுரிமைக்கு எழுதிப்போடலாம். கோழிவிளைக்காரர் எத்தனை ஆயிரம் நாள் எண்ணியிருப்பார்?

இதில் ஒரு சின்ன சமாச்சாரம் பாக்கி. வழக்கமான முறையில் இந்தியக் குடியுரிமைக்குப் பதிவு செய்ய விண்ணப்பத்தோடு செல்லுபடியாகும் வெளிநாட்டுப் பாஸ்போர்ட் கேட்பார்கள். 2024 மார்ச்சில் வந்த புதிய விதிகள், அந்த மூன்று நாட்டுக்காரர்களுக்குக் காலாவதியான பாஸ்போர்ட் போதும், அதுவும் இல்லையா, வேறு பழைய காகிதம் எதுவானாலும் போதும் என்று தளர்த்திவிட்டன. தலைமன்னாரில் இரவோடு இரவாகப் படகு ஏறியவருக்கு மட்டும் இன்னமும் பாஸ்போர்ட் வேண்டும்.