வரைந்த தெருவும் வளர்ந்த தெருவும்

நகரங்களுக்கு உருவம் இருப்பதுபோல உணர்வும் உண்டு. மாளிகைகளும் சாலைகளும் பாலங்களும் நகரத்தின் உருவம். அவற்றினூடே நடந்து செல்பவரின் உள்ளத்தில் எழுவது அதன் உணர்வு. அமெரிக்கப் பெருநகரம் ஒன்றையும் ஐரோப்பியப் பழநகரம் ஒன்றையும் அடுத்தடுத்துக் கண்டு வந்தோர், முதலில் பேசுவது இவ்வுணர்வின் வேறுபாட்டையே ஆகும். இவ்வேறுபாடு எதனால் விளைகின்றது? சிங்கப்பூரில் தமிழர் வாழ்வோடு பிணைந்த இரு வட்டாரங்களின் வரலாறு, இவ்வினாவுக்குத் தக்க விடை தருகின்றது. அதனைக் காணுமுன் மேலைநாட்டு நகரங்களைச் சற்றே நோக்குவோம்.

1811ஆம் ஆண்டில் நியூயார்க் நகரின் விரிவாக்கத்திற்கென மூவர் குழு ஒன்று திட்டம் வகுத்தது. மன்ஹாட்டன் தீவின் நீளவாக்கில் 12 பெருஞ்சாலைகள், குறுக்குவாக்கில் 155 தெருக்கள் என்று அளவுகோல் கொண்டு அவர்கள் வரைந்தனர். அன்று அந்நிலத்தின் பெரும்பகுதி தோட்டமும் மேடும் சதுப்புமாய்க் கிடந்தது. மக்கள் குடியேறுமுன்பே தெருக்கள் தாளில் பிறந்துவிட்டன. நேர்கோட்டுச் சுவர்களைக் கொண்ட வீடுகளே குறைந்த செலவில் கட்டத்தக்கவை என்பது அக்குழுவினர் கூறிய காரணங்களுள் ஒன்று. தெருக்களுக்குப் பெயருக்கு மாறாக எண்களே பெரும்பாலும் அமைந்தன. ஆதலின் புதிதாய் வருபவரும் அங்கே வழி தவறார். கண்ணுக்கெட்டிய தொலைவுவரை தெரு நீண்டு செல்வதால், நகரம் முடிவற்றது என்னும் எண்ணமும், விரைந்து நடக்க வேண்டும் என்னும் உந்துதலும் ஒருங்கே எழுகின்றன.

இலண்டனின் கதை வேறு. 1666ஆம் ஆண்டுப் பெருந்தீயில் அந்நகரின் பழைய பகுதி பெரிதும் எரிந்தழிந்தது. கட்டடக் கலைஞர் கிறிஸ்டபர் ரென் நேரிய அகன்ற வீதிகளைக் கொண்ட புதிய திட்டம் ஒன்றை மன்னரிடம் அளித்தார். ஆயினும் அத்திட்டம் நிறைவேறவில்லை. நிலவுடைமையாளர் தத்தம் மனையின் பழைய எல்லைகளை விட்டுக்கொடுக்காமையின், மரவீடுகள் நின்ற இடத்தில் கல்லும் செங்கல்லுமாய் வீடுகள் எழுந்தனவேயன்றி, தெருக்கள் பெரும்பாலும் பழைய வளைவுகளிலேயே நிலைத்தன. அங்கே நடப்பவருக்கு அடுத்த வளைவில் என்ன இருக்கிறது என்பது தெரியாது. சந்தைக்குச் சென்றவர், கோயிலுக்குச் சென்றவர், ஆற்றுக்குச் சென்றவர் ஆகியோரின் கால்கள் இட்ட வழிகளே அத்தெருக்கள்.

எனினும் இவ்வேறுபாட்டைக் கண்டத்தின் வேறுபாடு என்று கொள்வது பிழையாகும். பாரிஸ் நகரின் புகழ்பெற்ற அகன்ற வீதிகளுட் பல, 1853 முதல் 1870 வரை ஓஸ்மான் என்னும் ஆட்சியாளர் பழைய தெருக்களை இடித்து உண்டாக்கியவை. நியூயார்க்கிலோ, தென்கோடியில் டச்சுக்காரர் காலத்துக் குறுகிய தெருக்கள் இன்றும் உள்ளன. பிராட்வே என்னும் பெருஞ்சாலை, தொல்குடி மக்கள் நடந்த தடத்தின் வழியே சென்று, வரைந்த கட்டங்களையெல்லாம் சாய்வாகக் கிழித்துக்கொண்டு போகின்றது. ஆகவே அமெரிக்கா, ஐரோப்பா என்பதைவிட, வரைந்த தெரு, வளர்ந்த தெரு என்று பகுத்துக் காண்பதே பொருத்தமாகும். இவ்விருவகையும் நம் சிங்கப்பூரில் சிறு தொலைவிற்குள்ளேயே அமைந்திருக்கின்றன.

1822ஆம் ஆண்டின் இறுதியில் ராஃபிள்ஸ், புதிய குடியேற்றத்தின் நகரமைப்புக்கென ஒரு குழுவை ஏற்படுத்தி விரிவான கட்டளைகளை வழங்கினார். அவற்றை ஒட்டிப் பொறியாளர் பிலிப் ஜாக்சன் வரைந்த திட்டம், நியூயார்க் திட்டத்திற்கு ஏறத்தாழப் பத்தாண்டு இளையது. அதிலும் தெருக்கள் நேர்கோடுகளே. ஆனால் ஒரு புதுமை இருந்தது. நியூயார்க்கின் கோடுகள் நிலத்தைப் பிரித்தன. சிங்கப்பூரின் கோடுகள் மக்களையும் பிரித்தன. ஐரோப்பியர் நகரம், சீனர் கம்பம், கம்போங் கிளாம், சூலியா கம்பம் என்று ஒவ்வோர் இனத்தார்க்கும் ஓரிடம் குறிக்கப்பட்டது. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழர்க்கு வாய்த்தது, சிங்கப்பூர் ஆற்றின் தென்கரையில் சற்று மேற்புறமாக அமைந்த சூலியா கம்பம்.

அவ்வட்டாரத்தில் தமிழர் ஊன்றிய வேர்கள் இன்றும் காணத்தக்கவை. 1826இல் சூலியா முஸ்லிம்கள் சவுத் பிரிட்ஜ் சாலையில் பள்ளிவாசல் கண்டனர். அதுவே ஜாமிஆ பள்ளிவாசல். அதே சாலையில் 1827இல் நாராயண பிள்ளை மாரியம்மன் கோயிலை நிறுவினார். தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்கா 1828க்கும் 1830க்கும் இடையே எழுந்தது. அண்மையிலுள்ள மார்க்கெட் தெருவில் நகரத்தார் கிட்டங்கிகள் பல்லாண்டுக் காலம் கொடுக்கல் வாங்கலில் சிறந்து விளங்கின. ஆயினும் குடியிருந்த மக்கள் நிலைக்கவில்லை. வணிகம் பெருகப் பெருக நிலத்தின் விலை ஏறியது, வீடுகள் அலுவலகங்களாயின, 1970களில் கிட்டங்கிகளும் மறைந்தன. 2021இல் மார்க்கெட் தெருவில் கட்டி முடிக்கப்பட்ட கோபுரம் ஒன்று 280 மீட்டர் உயரம் கொண்டது. வானளாவிய கட்டடங்களுக்கிடையே நடப்பவர்க்கு அங்கே தோன்றும் உணர்வு பெரிதும் நியூயார்க்கின் உணர்வே.

இனிச் சிராங்கூன் சாலைக்கு வருவோம். ஜாக்சன் திட்டத்தில் தமிழர்க்கென்று குறிக்கப்பட்ட இடம் இதுவன்று. நகரத்திலிருந்து உள்நாட்டுக்குச் சென்ற ஒரு வண்டித்தடமே இது. ரோச்சோர் ஆற்றின் நீரும் அதனைச் சூழ்ந்த புல்வெளியும் மாடு வளர்ப்போரை ஈர்த்தன. 1842இல் அண்மையில் குதிரைப் பந்தயத் திடல் அமைந்தது. 1933 வரை பந்தயம் அங்கேயே நடைபெற்றது. செங்கற்சூளைகளும் சுண்ணாம்புக் காளவாய்களும் இச்சாலையை ஒட்டி இயங்கின. வீரமாகாளியம்மன் கோயிலுக்குச் 'சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில்' என்னும் பழம்பெயர் வழங்கியதும் இதனாலேயே. வளரும் நகரத்திற்கு வேண்டிய பாலும் செங்கல்லும் சுண்ணாம்பும் இவ்வழியாகச் சென்றன. அவற்றை ஆக்கியவர்களுள் தமிழ்த் தொழிலாளர் பலர். தொழில் இருந்த இடத்தில் குடிசை எழுந்தது. குடிசைக்கு அருகில் கோயில் எழுந்தது. கோயிலுக்கு அருகில் பூக்கடையும் மளிகைக்கடையும் எழுந்தன. 1855இல் பெருமாள் கோயில் உருவாயிற்று. இச்சாலை, நியூயார்க்கின் பிராட்வே போலத் தடமாகப் பிறந்து தெருவாக வளர்ந்தது.

இங்குள்ள பெயர்களை ஊன்றி நோக்கினால் இரு கைகளின் எழுத்து புலனாகும். கிளைவ் தெரு, ஹேஸ்டிங்ஸ் சாலை என்பன ஆட்சியாளர் இட்ட பெயர்கள். பஃபலோ சாலையும், எருமையைக் குறிக்கும் மலாய்ச் சொல்லால் அமைந்த கெர்பாவ் சாலையும் தொழில் தந்த பெயர்கள். பெலிலியோஸ் சாலை, கல்கத்தாவிலிருந்து வந்த யூத மாட்டு வணிகரை நினைவூட்டுகின்றது. 'தேக்கா' என்பதோ மூங்கிலைக் குறிக்கும் சீன வழக்கிலிருந்து வந்து, தமிழர் நாவில் தமிழாகவே ஆகிவிட்டது. சிங்கப்பூர்த் தமிழரின் நெஞ்சிற்கு மிக நெருங்கிய இடப்பெயர் சீனமொழி தந்த கொடை என்பது, வளர்ந்த தெருவின் இயல்பைக் காட்டுகின்றது. கோடு பிரித்த மக்களைத் தடம் சேர்த்து வைத்தது.

இவ்வாறு கூறுவதால் வரைந்த திட்டமெல்லாம் தீது என்பது கருத்தன்று. தேக்காவின் உயிர்நாடியாகிய 'அஞ்சடி' எவ்வாறு வந்தது? செங்கல் வீடுகள் ஒவ்வொன்றின் முன்னும் யாவரும் நடக்கத்தக்க, தொடர்ச்சியான, கூரையிட்ட நடைவழி அமைய வேண்டும் என்று ராஃபிள்ஸ் இட்ட கட்டளையின் பயனே அது. வெயிலும் மழையும் படாமல் நடப்பவர் நடக்க, அவ்வழியிலேயே பூத்தொடுப்பவரும் சோதிடம் பார்ப்பவரும் அமர்ந்தனர். கட்டளை வழியைத் தந்தது. மக்கள் அதற்கு வாழ்வைத் தந்தனர். நம் மதுரையும் திட்டமிட்ட நகரமே. ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று திங்கட்பெயர் பூண்ட வீதிகள் கோயிலைச் சதுரம் சதுரமாகச் சூழ்ந்துள்ளன. ஆயினும் அவை திருவிழாக் காலத்தில் மக்கள் நடப்பதற்கென அமைந்த வீதிகள் ஆதலின், அங்கே உணர்வு குன்றவில்லை. கோடு நேரா வளைவா என்பதன்று வினா. அது யாருக்காக வரையப்பட்டது என்பதே வினா.

1989ஆம் ஆண்டு சூலைத் திங்களில் லிட்டில் இந்தியா பாதுகாக்கப்படும் வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. அதனால் கடைவீடுகள் இடிபடாமல் தப்பின. மார்க்கெட் தெருவுக்கு நேர்ந்தது இதற்கு நேரவில்லை என்பது பெரும்பேறு. ஆனால் சட்டம் சுவரைக் காக்கும். சுவருக்குள் நடக்கும் தொழிலைக் காப்பது எளிதன்று. மாட்டுக்கொட்டில்களும் காளவாய்களும் என்றோ அகன்றன. மாடியில் குடியிருந்தோரும் வீடமைப்புக் கழக அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தனர். நெரிசலிலிருந்து அவர்கள் பெற்ற விடுதலையை யாரும் குறைகூற இயலாது. எனினும் குடியிருப்போர் குறைந்து காண வருவோர் மிகுவதால், தெரு தன்னைத் தானே நடித்துக் காட்டும் மேடையாகிவிடும் இடர் உண்டு. ஐரோப்பாவின் வெனிஸ் நகரம் அவ்விடரை இன்று முழுமையாகவே சந்தித்து வருகின்றது.

இவ்விடரிலிருந்து தேக்காவை ஓரளவு காப்பவர் யார்? ஞாயிறுதோறும் இங்கே கூடும் தமிழகத்து, வங்காளதேசத்துத் தொழிலாளர்களே. ஊருக்குப் பணம் அனுப்பவும், நண்பரைக் காணவும், சொந்த மொழியில் ஒருவேளை உண்ணவும் அவர்கள் வருகின்றனர். அவர்கள் கூட்டத்தைச் சிலர் இடையூறெனக் கருதுவர். வரலாற்றை அறிந்தோர் அவ்வாறு கருதார். 19ஆம் நூற்றாண்டில் இச்சாலையை உண்டாக்கியவரும், பிறர் கட்டடத்துக்குச் சுண்ணாம்பு சுமந்த இத்தகைய உழைப்பாளரே அல்லரோ?

ஆண்டுதோறும் தீமிதித் திருநாளில், சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து அடியார் கூட்டம் புறப்பட்டுச் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலை நடந்து அடைகின்றது. வளர்ந்த தெருவிலிருந்து வரைந்த தெருவுக்குச் செல்லும் பயணம் அது. தமிழாசிரியர்கள் தம் மாணவரை ஒருநாள் அவ்வழியே அழைத்துச் செல்வார்களாக. சிலப்பதிகாரத்தில் மருவூர்ப்பாக்கத்தையும் பட்டினப்பாக்கத்தையும் கற்பிக்கும் நாம், அவற்றைப் போன்ற இரு பாக்கங்கள் நம் நகரிலேயே இருப்பதைக் காட்ட வேண்டும். வரைந்து தந்த இடத்தில் கோயிலும் பள்ளிவாசலும் எஞ்சின. நடந்து உண்டாக்கிய இடத்தில் மக்களும் எஞ்சினர். அம்மக்கள் தொடர்ந்து நடக்கும் வரையில்தான் தேக்கா தேக்காவாக இருக்கும்.