சைக்ளோட்ரானும் குழந்தையின் மூளையும்

கொல்கத்தாவின் சால்ட் லேக்கில் உள்ள சைக்ளோட்ரான் மையத்தில் 1977 ஜூனில் முதல் துகள் கற்றை வெளிவந்தது. அணுக்கரு ஆய்வுக்கென எழுந்த இத்தகைய இயந்திரங்களே குழந்தை மூளையின் வளர்ச்சியைக் காணவும் வழி திறந்தன.

பெட் ஸ்கேனுக்குப் பயன்படும் ஃபுளூரின்-18 சைக்ளோட்ரானில் உருவாகிறது. அதன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 110 நிமிடங்களே. எனவே இயந்திரம் மருத்துவமனைக்கு எட்டும் தொலைவில் இருந்தாக வேண்டும். சால்ட் லேக் மையமும் 2018இல் கொல்கத்தாவில் மருத்துவ சைக்ளோட்ரான் ஒன்றை இயக்கத் தொடங்கியது.

அதற்கு வெகுமுன்பே, ஃபுளூரின் ஏற்றிய குளுக்கோஸைக் கொண்டு ஹாரி சுகானியும் உடன் ஆய்வாளர்களும் லாஸ் ஏஞ்சலிஸில் 29 குழந்தைகளின் மூளையைப் படமெடுத்து, 1987இல் முடிவை வெளியிட்டனர். பிறந்த சில வாரங்களில் புலன், இயக்கப் பகுதிகள் முனைந்து இயங்குகின்றன. நெற்றிப் பகுதி பல மாதங்கள் கழித்தே விழிக்கிறது. நான்கு வயதளவில் மூளைப் புறணி பெரியவர்களுடையதைவிட மிகுதியாகக் குளுக்கோஸைச் செலவிடுகிறது. அந்நிலை ஏறத்தாழ 9 வயது வரை நீடித்து, பதின்பருவ இறுதியில் தணிகிறது. மொழி கற்கும் பருவத்தை விளக்க முயன்றோர் இவ்வளைகோட்டைச் சான்றாகக் கொண்டனர்.

ஆயினும் அக்குழந்தைகள் தற்காலிக நரம்பியல் நிகழ்வுகளுக்கு ஆளானவர்கள். வளர்ச்சி பாதிக்கப்படவில்லை என்று கருதப்பட்டவர்கள். நலமான குழந்தையின் உடலில் ஆய்வுக்காகக் கதிரியக்கப் பொருளைச் செலுத்துவது அறமன்று. ‘இயல்பான வளர்ச்சி’யின் முதற்படம் நோயின் வாயில் வழியே கிடைத்தது. கதிர்வீச்சற்ற எம்.ஆர்.ஐ. பரவிய பின்னரே நலமான குழந்தைகளைப் பெருமளவில் ஆராய இயன்றது. வளைகோட்டை எடுத்தாள்வோர் அதன் பிறப்பையும் நினைவில் கொள்ள வேண்டும்.