ஓரை: ஒரு சொல்லும் ஒரு காலக்கணிப்பும்

குறுந்தொகை 401ஆம் பாடலில், கடற்கரையில் விளையாடும் மகளிர்க்கு அஞ்சிய நண்டு கடலை நோக்கி விரைகிறது. அம்மகளிர்க்கு அடையாக வரும் சொல் ‘ஓரை’. இன்றைய நாள்காட்டியை மட்டும் அறிந்தவர், சோதிடம் பார்க்கும் பெண்களைக் கண்டு நண்டு ஓடியதாகவே பொருள்கொள்வார். மேச்சேரி வட்டாரத்தில் ‘சுக்கிர ஓரை’, ‘குரு ஓரை’ என நல்ல நேரம் குறிக்கும் வழக்கில்தான் அச்சொல் இன்று வாழ்கிறது. சங்கப் பாடல்களிலோ அது மகளிர் விளையாட்டு. இளையோர் ஓரை ஆடாது இற்செறிந்திருத்தல் அறனன்று என்கிறது நற்றிணை 68.

சோதிட ஓரை வேறு வழியில் வந்தது. கிரேக்கத்தில் ‘ஹோரா’ முதலில் ஆண்டின் பருவத்தைக் குறித்துப் பின்னர் நாளின் ஒரு கூறாயிற்று. (அதன் வழிப் பிறந்த பெயரடை ‘பருவத்திற்குரிய’ என்பதிலிருந்து நகர்ந்து இன்றைய கிரேக்கத்தில் ‘அழகான’ எனப் பொருள்படுகிறது.) வடமொழிச் சோதிடம் அதனை இலக்கினம், இராசியின் பாதி எனும் பொருள்களில் ஏற்றது. 6ஆம் நூற்றாண்டினரான வராகமிகிரர், ‘அகோராத்திரம்’ என்பதன் முதலும் ஈறும் கெட்டு ‘ஹோரா’ ஆயிற்று என்பாரது கருத்தைப் பிருகத் ஜாதகத்தில் குறிக்கிறார். யவனரின் சோதிட அறிவைப் பிருகத் சம்ஹிதையில் மதித்துரைத்தவரது நூலிலேயே யவனச் சொல்லுக்கு உள்நாட்டுப் பிறப்புக் கிடைத்தது சுவையானது. கிழமை வரிசையும் இவ்வோரைக் கணக்கின் விளைவே. சனி, குரு, செவ்வாய், சூரியன், சுக்கிரன், புதன், சந்திரன் என 24 ஓரைகளைச் சுழற்றினால் 25ஆவது ஓரை சூரியனுக்கு வரும். ஆதலின் சனியை அடுத்து ஞாயிறு.

தொல்காப்பியக் களவியல் நூற்பா ஒன்றில் ஓரையும் நாளும் இணைந்து வருவதே சிக்கல். உரைமரபு அங்கு ஓரையைச் சோதிடக் காலமாகவே கொண்டது. எஸ். வையாபுரிப் பிள்ளை அதனைக் கிரேக்க மூலமுடைய கடன்சொல்லாகக் கருதி, தொல்காப்பியத்தின் காலத்தைப் பிற்படுத்தும் சான்றுகளுள் ஒன்றாக்கினார். மறுத்தோர் சங்க வழக்கைக் காட்டி விளையாட்டுப் பொருளை முன்வைத்தனர். அப்பொருளில், களவுக் காதலன் மகளிர் விளையாட்டைத் துறவான் என்றாகிவிடும். அருகில் நிற்கும் ‘நாள்’ ஒட்டாமல் தனித்துவிடும். தீய நேரம், தீய நாள் என்று அவன் விலகியிரான் என்பதே களவொழுக்கத்திற்குப் பொருந்துகிறது. இவ்வளவில் வையாபுரிப் பிள்ளையின் பொருள்கோள் வலுவுடையது.

ஆனால் அச்சொல் காட்டும் கால எல்லை அந்நூற்பாவுக்கே உரியது. அடுக்கடுக்காக வளர்ந்ததென ஆய்வாளர் பலர் கருதும் ஒரு நூல் முழுமைக்கும் அதனை நீட்ட இயலாது. எழுத்ததிகாரத்தின் காலத்தைக் களவியலின் ஒரு சோதிடச் சொல்லால் முடிவுசெய்வதைவிட, அதன் மொழிக்கூறுகளைத் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளோடு ஒப்பிட்டுத் தனியே காண்பதே முறை.