வாகனப் புகையும் வளரும் நுரையீரலும்

1. வரையறை

சாலையில் ஓடும் ஊர்திகளால் காற்றில் கலந்து, மூச்சுடன் உட்சென்று, உடலின் இயல்பான செயலுக்கு ஊறு செய்யும் பொருள்கள் அனைத்தையும் வாகனக் காற்றுமாசு என்கிறோம். கண்ணில் படும் கரும்புகை இதன் ஒரு கூறு மட்டுமே. எனவே பிறப்பு, பருமன், சென்றடையும் இடம் ஆகியவற்றைக் கொண்டே இதனை வகுக்க வேண்டும். அவ்வாறு வகுத்தபின், வளரும் நுரையீரலில் இது விளைக்கும் குறையையும், அக்குறை தடுக்கத்தக்கதே என்பதையும் லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தின் சான்றால் நிறுவுவோம்.

2. பிறப்பால் மூவகை

அ. முதல்நிலை மாசு: புகைக்குழாயிலிருந்து நேரே வருவது. எரிதலுக்குப் போதிய காற்று கிடைக்காதபோது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. எஞ்சினின் கடும் வெப்பத்தில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் கூடி நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகின்றன. எரியாத ஹைட்ரோகார்பன்களும் டீசல் கரித்துகளும் இவ்வகையினவே.

ஆ. வழிநிலை மாசு: முதல்நிலை மாசுகள் வெளிக்காற்றில் வினைபுரிந்து உண்டாவது. நைட்ரஜன் ஆக்சைடுகளும் ஹைட்ரோகார்பன்களும் வெயிலில் வினைபுரிவதால் தரைமட்ட ஓசோன் பிறக்கிறது.

இ. தேய்மான மாசு: பிரேக், டயர், சாலைப்பரப்பு ஆகியவை உராய்ந்து உதிர்வது. மின் ஊர்திகளும் இதற்கு விலக்கல்ல.

3. பருமனும் புகுமிடமும்

10 மைக்ரானை ஒட்டிய துகள்கள் பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் மேல் மூச்சுக்குழலிலும் தங்கிவிடும். 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட நுண்துகள்கள், காற்றும் குருதியும் வளிமாற்றம் செய்யும் நுண்ணறைகள் வரை செல்லும். 0.1 மைக்ரானுக்குக் குறைந்த மீநுண்துகள்களில் ஒரு பகுதி குருதியிலும் கலக்கக்கூடும். வளிகளுக்கோ கரைதிறனே அளவுகோல். நீரில் எளிதில் கரையும் கந்தக டைஆக்சைடு மேல்வழியின் ஈரத்திலேயே பெரிதும் உறிஞ்சப்படுகிறது. அவ்வளவு கரையாத நைட்ரஜன் டைஆக்சைடும் ஓசோனும் ஆழம்வரை செல்கின்றன.

4. ஊறு நிகழும் படிகள்

முதற்படியில், மாசு மூச்சுவழியின் உட்பரப்பைத் தாக்குகிறது. கோழையை மேலேற்றும் குற்றிழைகள் தளர்கின்றன. இரண்டாம் படியில், உடலின் காப்புச் செல்கள் திரண்டு அழற்சி உண்டாகிறது. மூன்றாம் படியில், சிறுகுழல்கள் வீங்கிச் சுருங்குகின்றன. ஆஸ்துமா உள்ளவருக்கு இழுப்பாக வெளிப்படுவது இதுவே. இவை ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப நிகழ்ந்தால், வளர்ந்தவருக்கு நுரையீரல் திறன் தேய்கிறது. சிறுவருக்கு வளர்ச்சியே குன்றுகிறது.

5. சான்று

லாஸ் ஏஞ்சலிஸ் ஒருபுறம் கடலும் மறுபுறம் மலையும் சூழ்ந்த நிலம். மேலே வெப்பக் காற்று மூடிபோல் நிற்கையில் கீழே மாசு தேங்குகிறது. அந்நகரின் புகைமூட்டம் வெயிலில் நிகழும் வேதிவினையின் விளைவு என்பதை 1950களில் வேதியியலர் ஆரி ஹாகன்-ஸ்மிட் விளக்கினார்.

இந்நகரை உள்ளடக்கிய தெற்குக் கலிபோர்னியாவின் 12 ஊர்களில் 10 வயதுச் சிறுவர்களை 18 வயதுவரை தொடர்ந்த ஆய்வு 2004இல் வெளிவந்தது. ஊதும்போது முதல் நொடியில் வெளியேறும் காற்றின் அளவே அதன் அளவுகோல். இந்த அளவு எதிர்பார்க்கப்படுவதில் 80 விழுக்காட்டுக்கும் குறைந்தோர், நுண்துகள் மிகக் குறைந்த ஊரில் 1.6 விழுக்காடு, மிகுந்த ஊரில் 7.9 விழுக்காடு. நைட்ரஜன் டைஆக்சைடும் கரிமத்துகளும் மிகுந்த இடங்களிலும் இக்குறை காணப்பட்டது. உடனடி இழுப்பைத் தூண்டக்கூடிய ஓசோனோடு இத்தகைய தொடர்பு தெரியவில்லை. உடனடி இழுப்பைத் தூண்டுவதும் நெடுநாள் வளர்ச்சியைக் குறைப்பதும் வேறுவேறு என்பதை இது உணர்த்துகிறது. விரைவுச்சாலைக்கு 500 மீட்டருக்குள் வாழ்ந்த சிறுவரின் நுரையீரல், 1500 மீட்டருக்கு அப்பால் வாழ்ந்தவருடையதைவிடக் குறைவாக வளர்ந்ததென 2007இல் வெளியான ஆய்வு காட்டியது.

6. மீட்சியும் முடிவும்

வினையூக்கி மாற்றி, தூய எரிபொருள், கடுமையான புகை வரம்புகள் ஆகியவற்றால் அவ்வட்டாரக் காற்று படிப்படியாகத் தெளிந்தது. ஐந்து ஊர்களில் 1994 முதல் 2011 வரையிலான மூன்று காலப்பகுதிச் சிறுவர்களை ஒப்பிட்டபோது, 15 வயதில் மேற்சொன்ன குறையுடையோர் 7.9, பின் 6.3, பின் 3.6 விழுக்காடு எனக் குறைந்தனர்.

இதிலிருந்து இரண்டு முடிவுகளைப் பெறுகிறோம். ஒன்று, காற்றைத் திருத்தினால் நுரையீரல் வளர்ச்சியும் திருந்தும். மற்றொன்று, அவ்வளர்ச்சி பெண்களுக்கு ஏறத்தாழ 18 வயதில் நிறைவுறுகிறது; ஆண்களுக்குச் சில ஆண்டுகளே நீள்கிறது. ஆதலின் திருத்தத்தின் முழுப் பயன் அவ்வயதுக்குள் இருப்போரையே சேரும். புகை வரம்பு எப்போது நடைமுறைக்கு வரவேண்டும் என்பதை ஊர்தியின் ஆயுளைக்கொண்டன்றி, குழந்தையின் வளர்பருவத்தைக்கொண்டே வகுத்தல் வேண்டும்.